முள்ளா, திரையா: ஸ்கூபாவுக்கு முதலில் எதை வாங்குவது

14 மீட்டர் ஆழத்தில், பக்கத்தில் நீந்திவந்த மாணவரிடம் "காற்று எவ்வளவு?" என்று கையால் கேட்டேன். அவர் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு 70 என்று விரல்களால் காட்டினார். எனக்குக் கணக்கு உதைத்தது. அவர் மூச்சு வாங்கிய வேகத்துக்கு 50 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) பக்கம்தான் இருக்க வேண்டும். அவர் இடுப்போரம் தொங்கிய கேஜைத் திருப்பிப் பார்த்தேன். 45. முள் சிவப்புக்குள் போய்விட்டிருந்தது. அவர் காட்டிய 70, பார் அல்ல, நிமிடம். அந்த ஆழத்தில், உடம்பில் சேரும் நைட்ரஜன் கணக்குப்படி, இன்னும் 70 நிமிடம் இருக்கலாம் என்று அவர் கையிலிருந்த டைவ் கம்ப்யூட்டர் சொல்லியிருக்கிறது. அதைக் காற்று என்று எடுத்துக்கொண்டார்.

நல்லபடியாக மேலே வந்தோம். ஆனால் "மேடம், கம்ப்யூட்டர் வாங்கலாமா, முள் கேஜே போதுமா?" என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த 70தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஏனென்றால் இரண்டும் ஒரே கேள்விக்கான இரண்டு பதில்கள் அல்ல. சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. என் உடம்பு இந்த ஆழத்தில் இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது வேறு கேள்வி: ஆழத்தில் உடம்பில் சேரும் நைட்ரஜன் அதிகமாகிவிட்டால், மேலே வரும்போது அது குமிழியாகி ஆபத்தாகலாம். முள் கேஜ் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். கம்ப்யூட்டர் இரண்டாவதற்குச் சொல்லும். டிரான்ஸ்மிட்டர் (சிலிண்டரின் அழுத்தத்தை மணிக்கட்டுக்கு அனுப்பும் கருவி) வைத்த கம்ப்யூட்டர் இரண்டுக்கும் சொல்லும், அது வேலை செய்கிற வரை. இதை மனதில் பிரித்து வைத்துக்கொண்டால் எதை வாங்குவது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முள் கேஜுக்குள் என்ன நடக்கிறது

வளைந்த ஒரு சின்ன உலோகக் குழாய், அவ்வளவுதான். அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும், இறங்கினால் பழையபடி சுருளும். அந்த அசைவைப் பற்சக்கரம் வழியாக முள் காட்டுகிறது. 1849இல் யூஜின் போர்டான் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. இன்றைக்கும் அதே குழாய்தான். பேட்டரி கிடையாது, சிக்னல் கிடையாது, ஆன் செய்ய மறப்பதற்கும் ஒன்றும் இல்லை. சிலிண்டர் வால்வைத் திறந்தால் முள் எழும்.

இதற்காகவே எனக்கு இந்தக் கருவியின் மேல் தனி மரியாதை. எனக்கு வெள்ளெழுத்து வந்து சில வருடங்கள் ஆகின்றன. கலங்கிய தண்ணீரில் சின்னத் திரையின் எண்கள் எனக்குக் குழைந்துபோகும். முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரியும். எண்ணைப் படிக்க வேண்டியதே இல்லை. கடிகாரத்தில் மணி பார்க்கிற மாதிரி சாய்வைப் பார்த்தாலே போதும்.

அதற்காக முள் பொய் சொல்லாது என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை என் முள் 90இல் நின்றுவிட்டது. நான் இறங்கிக் கால்மணி நேரம் ஆகியிருந்தது, இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் 90, மறுபடி பார்த்தால் அதே 90. 20 மீட்டரில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது முள் நகராமல் இருக்க வாய்ப்பே இல்லை. உடனே டைவை முடித்து மேலே வந்தோம். மேலே வேறு கேஜை மாட்டிப் பார்த்தபோது 60 காட்டியது. உள்ளே உப்புத் தண்ணீர் போய்த் துருப்பிடித்திருந்தது.

அன்று என்னைக் காப்பாற்றியது ஒரு பழக்கம். கேஜைப் பார்ப்பதற்கு முன்னால் எண்ணை மனதுக்குள் சொல்லிப்பார்ப்பேன். "இப்போது 110 இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் கையில் எடுப்பேன். 5, 10 பார் முன்னே பின்னே இருந்தால் சரி. 30 தள்ளி இருந்தால் ஒன்று நான் வழக்கத்தை விட வேகமாக மூச்சு விடுகிறேன், அல்லது எங்கோ கசிகிறது, அல்லது கேஜ் தவறு. மூன்றும் எனக்குத் தெரிய வேண்டிய விஷயங்கள். இந்தப் பழக்கத்தை முதல் பத்து டைவுக்குள் வளர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் எந்தக் கருவி வாங்கினாலும் அது உங்களை ஏமாற்றுவது கஷ்டம்.

காற்றுக் கணக்கு

மனதுக்குள் எண்ணைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் கணக்கு வேண்டும். பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல்தான். கடலில் 10 மீட்டருக்கு ஒரு பார் கூடுகிறது. மேலே ஏற்கெனவே ஒரு பார் இருக்கிறது. ஆக 20 மீட்டரில் 3 பார். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிற ஒருவர் அங்கே மூன்று மடங்கு, 60 லிட்டர் செலவழிப்பார்.

பொழுதுபோக்கு டைவில் பரவலாகக் கிடைக்கும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். 200 பாரில் தொடங்கி 50 பாரில் மேலே வரவேண்டும் என்றால் செலவுக்குக் கிடைப்பது 150 பார், அதாவது 1,650 லிட்டர். நிமிடத்துக்கு 60 என்றால் 27 நிமிடம். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் வழக்கமான பயிற்சி அட்டவணை, அதே 20 மீட்டருக்குக் கொடுக்கும் நேரம் 45 நிமிடம். அங்கே காற்றுதான் முதலில் தீரும், நைட்ரஜன் நேரம் அல்ல.

30 மீட்டருக்குப் போனால் 4 பார், நிமிடத்துக்கு 80 லிட்டர். காற்று 20 நிமிடத்துக்கு வரும். அட்டவணையும் 20 நிமிடம்தான் தருகிறது. இரண்டும் ஒன்றாக முட்டுகின்றன. ஒரே நாளில் இரண்டாவது, மூன்றாவது டைவ் என்றால் உடம்பில் ஏற்கெனவே நைட்ரஜன் தங்கியிருக்கும். காற்று இருக்கும், ஆனால் நேரம் இருக்காது. முள் அப்போதும் 100 பார் என்று சந்தோஷமாகக் காட்டிக்கொண்டிருக்கும். அதற்கு இந்த விஷயம் தெரியவே தெரியாது.

50 பார் என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். 20 மீட்டரில் கூட வந்தவருக்குக் காற்று தீர்ந்துவிட்டது, இருவரும் உங்கள் சிலிண்டரிலிருந்தே மூச்சு விட்டு மேலே வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், சேர்த்து 60. அங்கே 3 பாரில் ஒரு நிமிடம் நிதானிக்க 180 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வீதம் ஏற இரண்டரை நிமிடம் என்று கொண்டால், சராசரி 2 பாருக்கு 300 லிட்டர். 5 மீட்டரில், 1.5 பாரில், 3 நிமிட சேஃப்டி ஸ்டாப்புக்கு (மேலே வருமுன் பாதுகாப்புக்காக நிற்பது) 270. மொத்தம் 750 லிட்டர், 11 லிட்டர் சிலிண்டரில் கிட்டத்தட்ட 70 பார். ஆகவே அந்த ஆழத்தை விட்டுக் கிளம்பும்போது முள் 70க்குக் கீழே இருக்கக் கூடாது. 50 என்பது மேலே வந்து தலையை வெளியே நீட்டும்போது மீதி இருக்க வேண்டியது.

கம்ப்யூட்டர் எதைக் கணக்கிடுகிறது

இது மாய மந்திரம் இல்லை. உள்ளே ஓர் அழுத்த உணரி, ஒரு கடிகாரம், ஒரு கணித மாதிரி. 1908இல் உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் வெளியிட்ட வழியில்தான் இன்றும் நடக்கிறோம்: உடம்பைப் பல அறைகளாகக் கற்பனை செய்துகொண்டு, ஒவ்வொரு அறையும் வெவ்வேறு வேகத்தில் நைட்ரஜனை உறிஞ்சுவதாகவும் விடுவதாகவும் கணக்கிடுவது. இன்று பல கம்ப்யூட்டர்களில் இருக்கும் பூல்மன் மாதிரியில் 16 அறைகள். சில அறைகள் சில நிமிடங்களில் பாதி நிறையும். கடைசி அறைக்கு 635 நிமிடம் ஆகும்.

நான் கற்றுக்கொண்ட காலத்தில் பிளாஸ்டிக் அட்டவணையும், ஆழம் காட்டும் முள் கேஜும், கைக்கடிகாரமும்தான். அட்டவணை முழு டைவையும் அதிகபட்ச ஆழத்திலேயே கழித்ததாக எடுத்துக்கொள்ளும். 30 மீட்டரில் 8 நிமிடம் இருந்துவிட்டு மீதி நேரத்தை 12 மீட்டரில் கழித்தாலும் கணக்கு 30 மீட்டருக்குத்தான். கம்ப்யூட்டர் ஒவ்வொரு சில விநாடிக்கும் உண்மையான ஆழத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்துகிறது. 1983இல் ஓர்கா நிறுவனத்தின் எட்ஜ் வந்து பரவலாக விற்ற பிறகுதான் இது சாதாரண டைவருக்கும் கைக்கு எட்டியது.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அது உங்கள் ரத்தத்தை அளக்கவில்லை. நீங்கள் இரவு தூங்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, குளிரில் நடுங்குகிறீர்கள் என்பது எதுவும் அதற்குத் தெரியாது. ஆழமும் நேரமும், நீங்கள் சொன்ன வாயுக் கலவையும், அவ்வளவுதான். அதனால் திரை 2 நிமிடம் பாக்கி என்று காட்டும்வரை அங்கேயே நிற்காதீர்கள். நான் 10க்கு வந்ததும் மேலே நகர ஆரம்பித்துவிடுவேன்.

எதை முதலில் வாங்குவது

வாடகை ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவி) டைவ் செய்கிறவர் என்றால், முதலில் கம்ப்யூட்டர் வாங்குங்கள். காரணம் எளிது. வாடகை ரெகுலேட்டரோடு அழுத்த கேஜ் கட்டாயம் வரும். அந்தக் கேஜை நேற்று யார் பயன்படுத்தினார் என்பது உங்களைப் பாதிக்காது. கம்ப்யூட்டர் அப்படி இல்லை. உங்கள் முந்தைய டைவின் நைட்ரஜன் அதன் நினைவில் இருக்கிறது. வேறொருவர் கட்டிய கம்ப்யூட்டரை இன்று நீங்கள் கட்டினால் அது அவருடைய உடம்பைத்தான் கணக்கிடும். பல் துலக்கும் பிரஷ் மாதிரி, அவரவருக்கு ஒன்று. ஒரே ஜோடியாகப் போகிறோம், ஒன்று போதும் என்பதும் சரியில்லை. இரண்டு மீட்டர் மேலே கீழே நீந்தினாலும் கணக்கு மாறும்.

சொந்த ரெகுலேட்டர் வாங்குகிற கட்டம் வந்தால், ஒரு பித்தளை முள் கேஜும் மணிக்கட்டுக் கம்ப்யூட்டரும். என் அனுபவத்தில் இதுவே பெரும்பாலானவர்களுக்குப் போதும், பல வருடங்களுக்குப் போதும். டிரான்ஸ்மிட்டர் கடைசியில் வரட்டும்.

கேஜ் வாங்கும்போது முகப்பு பெரிதாக, 50 பாருக்குக் கீழே சிவப்பாக, இருட்டில் ஒளிர்வதாக இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தத்தைப் பாரில் பார்ப்பதா, இன்னொரு அளவான பிஎஸ்ஐயிலா என்பதைக் கூட டைவ் செய்யும் ஜோடியோடு ஒத்துப்பேசிக்கொள்ளுங்கள். 3,000 பிஎஸ்ஐ சுமார் 207 பார். ஆழக் கேஜ், திசைகாட்டி எல்லாம் சேர்ந்த பெரிய கன்சோல் எனக்குப் பிடிக்காது. அது கனமாகத் தொங்கிப் பவளத்தை இடித்து உடைக்கும், தானும் அடிபடும். சின்னக் கேஜை இடது இடுப்பு வளையத்தில் கிளிப் போட்டு மாட்டுங்கள்.

கம்ப்யூட்டரில் முதலில் எழுத்தின் அளவைப் பாருங்கள். கடை வெளிச்சத்தில் அல்ல, அறையை இருட்டாக்கிக் கையை நீட்டிப் பாருங்கள். நோ-டெகோ நேரம் (வழியில் கட்டாயமாக நிற்காமல் மேலே வரக்கூடிய மீதி நேரம்), ஆழம், ஓடிய நேரம் மூன்றும் ஒரே திரையில் பட்டனை அழுத்தாமல் தெரிய வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு பட்டன்களை அழுத்திப் பாருங்கள். பேட்டரியை நாமே மாற்ற முடியுமா, சார்ஜ் செய்வதா, கடைக்கு அனுப்ப வேண்டுமா என்று கேளுங்கள். அனுப்ப வேண்டியதை நான் இனி வாங்க மாட்டேன். பயணத்தின் நடுவில் செத்துப்போன கம்ப்யூட்டரால் யாருக்கும் பயன் இல்லை. வண்ணத் திரை வேண்டுமா என்றால், கண் பார்வை மங்கியவர்களுக்கு வேண்டும், மற்றவர்களுக்கு விருப்பம்.

நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாக உள்ள காற்றுக் கலவை) அமைப்பு இருப்பதாகவே வாங்குங்கள், இன்று தேவை இல்லாவிட்டாலும். 32 சதவீத ஆக்சிஜன் கலவைக்கு, 1.4 பார் ஆக்சிஜன் அழுத்தம் என்ற வரம்பில், அதிகபட்ச ஆழம் சுமார் 33 மீட்டர். கம்ப்யூட்டரில் 32 என்று நீங்கள் அமைத்தால்தான் அது அந்த எல்லையில் எச்சரிக்கும். சிலிண்டரில் 32ஐ வைத்துக்கொண்டு திரையில் சாதாரணக் காற்று என்று விட்டுவிட்டால் எச்சரிக்கை வராது. ஒவ்வொரு டைவுக்கும் முன்னால் பாருங்கள்; சில மாடல்கள் தாமாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும்.

டிரான்ஸ்மிட்டர் பற்றி

ரெகுலேட்டரின் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில், அதாவது சிலிண்டர் வால்வில் மாட்டும் பகுதியில், உயர் அழுத்தத் துளையில் திருகி மாட்டுவது இது. ரேடியோ சிக்னல் வழியாக அழுத்தம் மணிக்கட்டுக்கு வருகிறது. உங்கள் மூச்சு வேகத்தைக் கணக்கிட்டு "இந்த ஆழத்தில் இன்னும் இத்தனை நிமிடக் காற்று" என்று சொல்லும். மேலே வந்த பிறகு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற பதிவையும் பார்க்கலாம். எனக்கு இந்தப் பதிவு மிகப் பிடிக்கும். மாணவர்களின் மூச்சு எந்த இடத்தில் படபடத்தது என்று அதை வைத்து அவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். நல்ல கருவிதான்.

ஆனால் 23 மீட்டரில், என் அருகே ஒருவர் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, என் திரையில் அழுத்தம் இருந்த இடத்தில் மூன்று கோடுகள் மட்டும் தெரிந்தன. ஃபிளாஷ் சார்ஜ் ஆகும்போது இப்படிச் சிக்னல் தடைபடலாம். ஒரு நிமிடத்துக்குள் திரும்பிவிட்டது. இன்னொரு முறை திரும்பவே இல்லை. டிரான்ஸ்மிட்டர் பேட்டரி தீர்ந்திருந்தது. இரண்டு முறையும் நான் பதறவில்லை, ஏனென்றால் இன்னொரு உயர் அழுத்தத் துளையில் சின்ன முள் கேஜ் மாட்டியிருந்தேன். பெரும்பாலான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்களில் இப்படி இரண்டு துளைகள் உண்டு. டிரான்ஸ்மிட்டர் வாங்கினால் முள்ளைக் கழற்றிவிடலாம் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. நான் கழற்ற மாட்டேன், என் மாணவர்களையும் கழற்ற விடுவதில்லை.

டிரான்ஸ்மிட்டரைக் கம்ப்யூட்டர் கட்டும் கையின் பக்கமே மாட்டுங்கள். சிக்னல் தூரம் குறைவு. படகில் சிலிண்டரைத் தூக்குகிறவர்களிடம் அதைக் காட்டி "இது கைப்பிடி இல்லை" என்று சொல்லிவிடுங்கள். பிடித்துத் தூக்கி உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். முள்ளும் திரையும் சில பார் வித்தியாசமாகக் காட்டினால் கவலை வேண்டாம், இரண்டில் குறைவானதை நம்புங்கள்.

தண்ணீரில் இறங்கும் முன்

வால்வு மூடியிருக்கும்போது முள் பூஜ்ஜியத்தில் இருக்கிறதா பாருங்கள். பூஜ்ஜியத்துக்கு மேலே ஓய்வெடுக்கும் முள் டைவ் முழுக்க அவ்வளவு கூட்டிச் சொல்லும். வால்வை மெதுவாகத் திறங்கள், கேஜின் கண்ணாடி உங்கள் முகத்தையும் மற்றவர் முகத்தையும் பார்க்காதபடி திருப்பிப் பிடித்துக்கொண்டு. அப்புறம் முக்கியமான சோதனை: முள்ளைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நான்கைந்து முறை ஆழமாக மூச்சு இழுங்கள். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் கீழே குதித்து மேலே ஏறினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். இந்தக் குதிப்பு முள்ளில் பளிச்சென்று தெரியும், சில விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும் திரையில் தப்பிவிடலாம்.

வெயிலில் கிடந்த சிலிண்டர் தண்ணீரில் இறங்கியதும் 10 பாருக்கு மேலேகூடக் குறையும். 40 டிகிரியில் 200 பார் இருந்தால் 20 டிகிரியில் அது சுமார் 187. கசிவு இல்லை, காற்று குளிர்ந்துவிட்டது. கேஜும் ஹோஸும் சேரும் இடத்தில் மெல்லிய குமிழிச் சரம் வந்தால் உள்ளே இருக்கும் சின்ன ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்திருக்கும். அடுத்த டைவுக்கு முன் மாற்றச் சொல்லுங்கள். உயர் அழுத்த ஹோஸ் நுனியில் ஊசித் துளை அளவுதான் வழி இருக்கிறது. அதனால் அந்த ஹோஸே வெடித்தாலும் காற்று ஒரேயடியாகப் போய்விடாது, மேலே வர நேரம் கிடைக்கும்.

நடுவில் நின்றுபோனால்

அழுத்தம் தெரியாமல் போனால் டைவ் அங்கேயே முடிந்தது. ஜோடியிடம் சைகை காட்டி, அவர் அருகிலேயே, வழக்கமான வேகத்தில் ஏறுங்கள்.

கம்ப்யூட்டர் அணைந்தால், நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலே வந்து, 5 மீட்டரில் 3 நிமிடம், காற்று இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். ஜோடியின் கம்ப்யூட்டரை ஏறும் வேகத்துக்கு மட்டும் பார்த்துக்கொள்ளலாம். மேலே வந்ததும் வேறொரு கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அன்றே மறுபடி இறங்காதீர்கள். அதற்கு உங்கள் உடம்பில் இருக்கும் நைட்ரஜன் தெரியாது. புது ஆள் என்று நினைத்து நேரத்தை அள்ளிக் கொடுக்கும். 24 மணி நேரம் வெளியே இருங்கள். விமானப் பயணம் இருந்தால், மேலே வரும் வழியில் கட்டாய நிறுத்தம் தேவைப்படாத ஒற்றை டைவுக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் செய்திருந்தால் 18 மணி நேரம் என்பது டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டுதல். கடைசியாகத் திரையில் பார்த்த ஆழத்தையும் இறங்கிய நேரத்தையும் படகு ஏறியவுடன் எழுதி வையுங்கள். மூட்டு வலியோ மரமரப்போ வந்து மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.